பெயின்ட் மேல் பழி

ஏர்லெஸ் பெயின்ட் ஸ்ப்ரே மெஷின் வைத்திருக்கும் பெயின்டிங் கான்ட்ராக்டர்களில் ஒரு ரகம் உண்டு. மெஷின் மக்கர் பண்ணினால் இவர் சந்தேகப்படாத ஆளே கிடையாது. முதலில் பெயின்ட்: "கம்பெனிக்காரன் கலப்படம் பண்றான்." அடுத்து கரன்ட்: "வோல்டேஜ் பத்தல." பிறகு கன் பிடிக்கிற பையன், கடைசியில் பக்கத்து சைட்காரரின் கண். அன்று சாயங்காலமே மெஷின் கைப்பிடியில் எலுமிச்சம்பழம் தொங்கும். பம்ப்பின் அடிவயிற்றில் தேய்ந்து கிடக்கும் வால்வு மட்டும் அந்தப் பட்டியலில் வராது. இதை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. இவருக்கென்று ஒரு சித்தாந்தம் இருக்கிறது: நஷ்டம் பெரிதென்றால் காரணமும் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். நாலு ஆள் கூலியை விழுங்கும் கோளாறு ஒரு குட்டி உருண்டையால் வருகிறது என்றால் இவருக்கு அது கௌரவக் குறைச்சல்.

மெஷின் சொல்லும் சாட்சி வேறு. பிஸ்டன் பம்ப்பில் வால்வு இரண்டே: அடியில் ஒன்று, பிஸ்டனோடு ஒன்று. இரண்டிலும் வளையம் போன்ற சீட்டின் மேல் ஒரு குட்டி உருண்டை, அதாவது பால், எழும்பி உட்காரும். பிஸ்டன் ஏறும்போது அடி வால்வின் பால் எழும்பிப் பெயின்டை உள்ளே விடும். இறங்கும்போது உட்கார்ந்து, வந்த வழியே திரும்ப விடாமல் தடுக்கும். பம்ப்புக்குள் அழுத்தம் 3000 பிஎஸ்ஐ வரை போகும். கார் டயரில் இருப்பதைப் போல் ஏறக்குறைய 100 மடங்கு. அந்த அழுத்தத்தில் பெயின்டிலுள்ள பொடிகள் சீட்டை அரித்துக்கொண்டே இருக்கும். மயிரிழைக் கீறல் விழுந்தால் போதும், பிரஷர் நிற்காது. ட்ரிகரை விட்ட பிறகும் பிஸ்டன் இறங்கிக்கொண்டே இருந்தால் கோளாறு அடி வால்வில். ஏறிக்கொண்டே இருந்தால் மேல் வால்விலோ, கசிவைத் தடுக்கும் பேக்கிங்கிலோ. இவ்வளவு தெளிவாக மெஷின் வாக்குமூலம் கொடுக்கும்போது நம்மவர் பெயின்டில் தண்ணீர் ஊற்றுவார், பிரஷர் குமிழைக் கடைசி வரை திருகுவார், டிப்பை மாற்றுவார். கைக்கு எட்டியதெல்லாம் நடக்கும். ஸ்பேனர் எடுக்க வேண்டியது மட்டும் நடக்காது.

இவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. கட்டி தட்டிய பெயின்டும் அடைத்த ஸ்ட்ரெய்னரும் இதே தொல்லையைத் தரும். முதலில் அவற்றைப் பார்ப்பது சரிதான். பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடுவதுதான் தப்பு. "அடிக்கடி கழட்டினா மெஷின் கெட்டுடும்" என்பார். கண்டபடி கழற்றினால் கெடும். கழற்றாவிட்டாலோ கெட்டது அப்படியே இருக்கும். காய்ந்த பெயின்டில் ஒட்டிய பாலை அடியிலிருந்து ஒரு பென்சிலால் தள்ளியே விடுவிக்கலாம். சில மாடல்களில் தேய்ந்த சீட்டைத் திருப்பிப் போட்டே இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். இந்த இலவசமெல்லாம் திறந்து பார்த்தவனுக்குத்தான். திறக்குமுன் பிரஷரை இறக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் ஊசி குத்தின மாதிரித் தெரியும் காயத்தின் வழியே பெயின்ட் கைக்குள் ஏறி ஆபரேஷன் வரை கொண்டுபோகும். சின்ன ஓட்டையால் பெரிய நஷ்டம் வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஒருவழியாகத் திறந்தாலும் பாலை மட்டும் புதிதாகப் போட்டு, குழி விழுந்த பழைய சீட்டை அப்படியே விட்டுவிடுவார். மறுபடி ஒழுகினால் "பார்ட்ஸ் டூப்ளிகேட்" என்பார். ஆக, இன்னொரு குற்றவாளி. இவரிடம் விளக்கிப் பயனில்லை. மெஷின் வாங்கும்போதே ரிப்பேர் கிட்டையும் இவர் தலையில் கட்டிவிட வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பொருள் சும்மா கிடப்பதை இவர் மனசு பொறுக்காது. அதை மாட்டுவதற்காகவே பம்ப்பைத் திறப்பார்.