லயத்தில் ரகசியம் ஏது?

கேள்வி: பா. இரஞ்சித்தின் ‘அட்டகத்தி’ போல, முதல் காதலையும் தோல்வியையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் விடலைப் படமொன்றை மலேசியாவின் கோலசிலாங்கூர்த் தோட்டத்தில் எடுக்க இயலுமா?

பதில்: தாராளமாக இயலும், கதை இடைவேளையைத் தாண்டுமா என்பதே ஐயம். 2012இல் வெளிவந்த அப்படத்தின் நாயகன், காதலில் தோற்றவனுக்குரிய சோகத்தை வலிய வரவழைத்தும் அது நிலைக்காமல் போவதில்தான் நகைச்சுவை பிறக்கிறது. தனியே சோகப்படவாவது அவனுக்கு இடம் கிடைத்தது. லயத்தில், அதாவது தோட்ட நிர்வாகம் தொழிலாளருக்காகக் கட்டிய வரிசை வீடுகளில், முதல் வீட்டுப் பெருமூச்சு கடைசி வீடுவரை கேட்பதோடு, அக்கம்பக்கத்தார் யாவரும் அத்தை, மாமா, தங்கச்சி என முறை வைத்தே அழைப்பதால், காதலிக்கத்தக்க முறையில் ஒருத்தி எஞ்சுவதே அரிது. ஆறாண்டுத் தமிழ்ப்பள்ளி முடிந்து, பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் பேருந்தேறிய பிறகே புத்தகப்பைக்குள் கடிதம் நுழைய வழி பிறக்கிறது; அப்பேருந்திலும் முன்னிருக்கையில், தோட்ட அலுவலக எழுத்தரான கிராணியின் மகள் அமர்ந்திருப்பாள். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு 1917இல் தொடங்கிய தென்னமரம் தோட்டம் இவ்வட்டாரத்தில்தான் உள்ளது; வெட்டிப் போட்ட முள்மட்டைகளுக்கு நடுவே செம்பனையைச் சுற்றி டூயட் பாட விரும்பும் நாயகன், முதலில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிக்கொள்ளட்டும்.