இரண்டடித் தொட்டியில் அரபிக்கடலை அடைப்பது எப்படி?

கோயம்புத்தூரில் கடல்மீன் தொட்டி வைக்கிறவர் உப்புப் பாக்கெட்டை விலைக்கு வாங்கிக் கரைத்துக்கொண்டிருப்பார். குமரி மாவட்டத்துக் கடலோர ஊரான முட்டத்தில் வைக்கிறவருக்கு அந்தச் செலவில்லை. கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது, மீனும் அப்படியே. தொட்டி கெடுவதற்கு இந்த வசதியே போதும் என்பதால் முட்டத்துக்காரர்களுக்குத் தனியாக யோசனை சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. நீளம் இரண்டடி, அகலமும் உயரமும் ஓரடி என்றால் கொள்ளளவு 56 லிட்டர் சொச்சம். மணலும் கல்லும் போட்டு, மேலே இரண்டு விரல் இடமும் விட்டால் சுமார் 40 லிட்டர் மிஞ்சும். இதில் எத்தனை மீன் விடலாம்? "எம்புட்டு எடம் கெடக்கு" என்பார் மச்சான். இடத்தைப் பார்க்காதீர்கள். மீன் வெளியேற்றும் அம்மோனியாவில் பெரும்பங்கு செவுள் வழியாகத்தான் தண்ணீரில் இறங்குகிறது. கடல்நீரின் காரத்தன்மையில் அதன் நஞ்சு நல்ல தண்ணியில் இருப்பதைவிடக் கூடுதல். கல்லிலும் மணலிலும் குடியேறுகிற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட் ஆக்கி, பிறகு நைட்ரேட் ஆக்குகின்றன. அந்தக் கூட்டம் எவ்வளவு கழிவைச் சமாளிக்குமோ, அவ்வளவு மீன்தான் உங்களுக்கு வாய்த்தது.

ஆகவே மீன் விடுமுன் ஒரு துண்டு றாலைத் தொட்டியில் போட்டு அழுகவிடுங்கள். நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிப் பூஜ்யத்துக்கு வரவேண்டும். அதுவரை விளக்கு எரியும், பம்பு ஓடும், மீன் மட்டும் இருக்காது. கடலுக்குப் போய்த் திரும்புகிற ஆட்கள் வாசலில் நின்று, "மீனெங்கலே?" என்பார்கள். பதில் சொன்னீர்களோ, பொழுது சாய்வதற்குள் வாளி வந்துவிடும்.

சொல்லாவிட்டாலும் வரும். பழைய பெயின்ட் வாளி, கால்வாசித் தண்ணீர், அடியில் மூன்று அங்குலக் களவாக் குஞ்சு. உடம்புதான் குஞ்சு, வாய் இப்போதே பெரிய மீனுடையது. "இது ஒண்ணுதானே மக்கா, கெடக்கட்டும்" என்பார் மச்சான். நீளம் இரட்டித்தால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும் என்பதை அவரிடம் விளக்க முயலாதீர்கள். குஞ்சு ஆறு அங்குலம் ஆவதற்குள் கூட இருந்த சின்ன மீன்களைத் தின்று எண்ணிக்கையைத் தானே குறைத்துவிடும். கழிவுச் சுமை மட்டும் குறையாது.

மறுக்கவும் ஒரு முறை உண்டு. அம்மோனியா என்று சொன்னால் எடுபடாது. "டாக்டர் கூடாதுன்னுட்டார்" என்றால் எடுபடும். எந்த டாக்டர், யாருக்கு என்று எவரும் கேட்பதில்லை. கடல்குதிரையோ உயிர்ப் பவளமோ வந்தால் இன்னும் எளிது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001இல் இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். வனத்துறை என்ற சொல்லைக் கேட்டதும் வாளி வந்த வழியே திரும்பும்.

வீட்டுக்குள்ளிருந்து வரும் மனுவை மறுப்பதுதான் கடினம். 2003இல் வந்த நீமோ படத்தை இன்றைக்கும் குழந்தைகள் பார்க்கிறார்கள். நீமோவைக் கொடுக்கலாம். நீமோ ஒரு கோமாளி மீன், அதைப் பொரிப்பகத்திலேயே வளர்க்கும் முறையை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. அப்படிப் பிறந்த இரண்டு குஞ்சு போதும். இரண்டில் பெரியது பெண்ணாகிவிடும். மூன்றாவது வந்தால் அடிதடி. அதே படத்து நீல மீன் டோரியைக் கேட்டால் பேச்சை மாற்றுங்கள். ஓரடி வரை வளர்கிற மீன் அது, உங்கள் தொட்டியின் அகலமே ஓரடிதான். கூட ஒரு சின்ன உழுவை விடலாம். அத்தோடு வீடு நிறைந்தது.

மூன்று மீன் வைத்துக்கொண்டும் ஆறு மீனின் சுமையை ஏற்ற முடியும். அம்மச்சி இருந்தால் போதும். நெத்திலியை நுணுக்கிக் காலையில் ஒரு நுள்ளு போடுவார், ஜெபம் முடிந்து இன்னொரு நுள்ளு. விருந்தாளி வந்தால் அவர் கையாலும் ஒன்று. தின்னாமல் கல்லிடுக்கில் தங்குகிற துணுக்கும் அம்மோனியாதான். தீவன டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். துறைமுகத்துக்குள் மொள்ள வேண்டாம், டீசல் மினுங்கும். கடியபட்டணம் பக்கம் வள்ளியாறு கலக்கிற இடத்தில் மழைக்காலத்தில் உப்புக் குறையும். வள்ளத்தில் போகிறவரிடம் கேனைக் கொடுத்துவிடுங்கள். மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடையான ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை கடலும் கொந்தளிப்பாக இருக்கும். முன்னதாகவே பிடித்து மூடிவையுங்கள். இடையில் மட்டம் இறங்கினால் மச்சான் ஒரு குடம் கடல்நீர் ஊற்றச் சொல்வார். வேண்டாம். வற்றியது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேதான் இருக்கிறது. கண்ணாடி விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்திருப்பதைத் தொட்டுக் காட்டிவிட்டு நல்ல தண்ணி ஊற்றுங்கள்.

முட்டத்தில் படமெடுத்த 'அலைகள் ஓய்வதில்லை' 1981இல் வந்தது. தொட்டியில் அலை ஓயும், கரண்ட் போனதும். கடல்நீரில் ஆக்சிஜன் கரைவதே நல்ல தண்ணியைவிடக் குறைவு, சூடான தண்ணீரில் இன்னும் குறைவு. மீன் நெருக்கமாக இருந்தால் சில மணி நேரத்தில் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கும். பேட்டரி பம்பு ஒன்று வாங்கி வையுங்கள்.

வளர்ந்துவிட்ட களவாவை, பிடித்த அதே கடலில் விடலாம் என்பார்கள். நோயோடு போய்ச் சேரும், வேண்டாம். கடையில் வாங்கியதை விடவே கூடாது. மச்சான் சிங்கி றால் கொண்டுவரும் நாளில் மட்டும் டாக்டரை இழுக்காதீர்கள். வாளியை வாங்கி, தொட்டி இருக்கிற அறையைத் தாண்டி, நேரே அடுக்களைக்குக் கொண்டுபோங்கள்.