மாப்ளைக்கு 55 வயசாகப் போகுது

வா மாப்ளே, உக்காரு. பசியாறியாச்சா? இல்லேன்னா தோசை சொல்றேன், காசு நீயே குடுத்துடு. அடுத்த வருஷம் உனக்கு 55, இ.பி.எஃப். சேமநிதிப் பணம் வந்ததும் நீ பெரிய தவுக்கே. துன் சம்பந்தன் ரோட்டுக் கிளி ஜோசியர் வரைக்கும் சேதி போயிடுச்சு. நேத்து அந்தப் பக்கம் போனேன், கிளியே என்னைப் பார்த்து "மருமகன் சுகமா"ன்னு கேக்குது.

அது என்ன கையில? புது போனா? நல்லாருக்கு. பின்னாடி மூணு கண்ணு. அதுல சேமநிதி ஐ-அக்காவுன் எங்க இருக்குன்னு காட்டு பாப்போம். என்னது, மக பாத்துக்குவாளா? பாஸ்வேர்டு? அதுவும் மகளுக்குத்தான் தெரியுமா? பேஷ்! மகளுக்குத் தெரியும், மருமகப் புள்ளைக்குத் தெரியும், போன் ரிப்பேர் கடைப் பையனுக்கும் தெரிஞ்சிருக்கும். முப்பது வருஷம் உழைச்சுப் போட்டவன் ஒருத்தனுக்குத்தான் தெரியாது.

ஞாபகம் இருக்கா மாப்ளே, கிள்ளான் பக்கத்துத் தோட்டத்துல நாங்க பால் வெட்டின காலம்? சம்பள நாள்ல கிராணி பேரேட்டை நீட்டுவாரு. கட்டைவிரலை மையில ஒத்தி ஒரு அமுக்கு. அதுல என்ன எழுதியிருக்குன்னு அவருக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். நீ அப்ப பள்ளிக்கூடம் போயிட்டு வந்து, "மாமா கைநாட்டு"ன்னு லயமே சிரிக்கிற மாதிரி கத்துவே. இப்ப பாரு. ஃபாரம் 5 பாஸ் பண்ணின மனுஷன், மக எந்த இடத்தைக் காட்டுறாளோ அந்த இடத்துல கட்டைவிரலை வெக்கிற. என்ன எழுதியிருக்குன்னு படிக்கிறதும் இல்ல. எங்க காலத்துல மைச் செலவாவது இருந்துச்சு, உனக்கு அதுவும் மிச்சம்.

என் கட்டைவிரல்ல ரேகையே தேஞ்சு போச்சு. கவுண்டர் மெஷின்ல வெச்சா, "யாருய்யா நீ"ங்கிற மாதிரி சிவப்பு விளக்கு எரியுது. பால் வெட்டித் தேஞ்சதுன்னு பெருமையாச் சொல்லிக்குவேன். நீ தேய்க்கிறது வாட்ஸ்அப்புல.

சரி, கேலியை விடு. 55-ல என்ன நடக்கும்னாவது தெரியுமா? 2024 மே மாசத்துல இருந்து உன் பணத்தை மூணு கணக்காப் பிரிச்சு வெச்சிருக்காங்க: பெர்சாராஆன், செஜாத்ரா, ஃபிளெக்ஸிபல். போடுற ஒவ்வொரு வெள்ளியிலயும் 75 காசு முதல்ல, 15 காசு ரெண்டாவதுல, 10 காசு மூணாவதுல. அந்த மூணாவது கணக்கு எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். அதை நீ எப்பவோ தொடைச்சு எடுத்துட்டே, மொகத்தைப் பாத்தாலே தெரியுது. 55 முடிஞ்ச அன்னிக்கு மூணும் ஒண்ணாச் சேர்ந்து அக்காவுன் 55 ஆயிடும். பூராவும் எடுக்கலாம், கொஞ்சம் எடுக்கலாம், மாசா மாசம் சம்பளம் மாதிரி வர வெக்கலாம், தொடாமலும் விடலாம். அதுக்கப்புறம் நீ வேலை செஞ்சு போடுற காசு அக்காவுன் எமாஸுக்குப் போகும். அதை 60 வயசுக்கு முன்னாடி தொட முடியாது.

இங்கதான் உன்னை மாதிரி ஆளுங்க வழுக்கி விழறது. 55-னா ரிட்டையர்னு நெனச்சுக்கிறே. 2013 ஜூலை 1-ல இருந்து தனியார் வேலையில ஓய்வு வயசு 60. உன் முதலாளி இன்னும் அஞ்சு வருஷம் உன் மொகத்தைப் பார்த்தே ஆகணும், பாவம். சம்பளம் வந்துக்கிட்டே இருக்கும்போது மொத்தத்தையும் உருவி என்ன செய்யப் போறே? புது காரா? கிள்ளான் லிட்டில் இந்தியாவுல நகையா? சொல்லு, உன் அத்தையும் கேக்கணும்னு காத்துக்கிட்டிருக்கா.

2024-க்கு சேமநிதி 6.30 சதவீதம் ஈவு குடுத்துச்சு. ஒரு லட்சம் வெள்ளி சும்மா கிடந்திருந்தா 6,300 வெள்ளி. நீ 100 வயசு வரைக்கும் இருந்தா அது வரைக்கும் ஈவு போடுவாங்க. அவங்களைத் தவிர வேற யாரு உன் ஆயுசுமேல இவ்வளவு நம்பிக்கை வெச்சிருக்காங்க?

கொரோனா காலத்தை மறந்துட்டியா? சேமநிதியில இருந்து எடுக்க விட்டாங்களே: ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, அப்புறம் அந்தப் பத்தாயிரம் வெள்ளி. 2020-ல இருந்து 2022-க்குள்ள 81 லட்சம் பேர் 14,500 கோடி வெள்ளி எடுத்தாங்க. நிஜமாவே அடுப்பு எரியாதவன் எடுத்தான், அவனை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா பிரிக்பீல்ட்ஸ்ல சில வீட்டுச் சுவத்துல அந்தப் பணம் இன்னும் 65 இஞ்ச் டிவியாத் தொங்குது. அப்ப மட்டும் ஆன்லைன் எப்படித் தெரிஞ்சுதாம்? எடுக்கிறதுக்கு வந்த அறிவு, பாக்கிறதுக்கு வர மாட்டேங்குது.

இன்னொண்ணு கேக்கிறேன், கோவிச்சுக்காதே. முதல் வேலையில சேர்ந்தப்ப வாரிசுன்னு யாரு பேரு குடுத்தே? அம்மா பேரா? எங்க அக்கா போய்ச் சேர்ந்து எத்தனை வருஷமாச்சு! பேரு குடுத்த ஆள் இறந்துட்டா அந்தப் பெயர் குறிப்பு செல்லாது மாப்ளே. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா, உன் வீட்டுக்காரம்மா பத்திரத்தைத் தூக்கிக்கிட்டு ஆபிஸ் ஆபிஸா அலையணும். இந்தச் சேதி அவளுக்குத் தெரிஞ்சா இன்னிக்கு ராத்திரி உனக்குச் சோறு கிடையாது. நான் சொல்ல மாட்டேன், ஆனா உன் அத்தை வாயை நான் கட்ட முடியாது. ஐ-அக்காவுனைத் திறந்தா யாரு பேரு இருக்குன்னு தெரியும். முதல்ல அதைப் பாரு. பாக்கித் தொகையை அப்புறம் பாத்து மீசையை முறுக்கிக்கலாம்.

அப்புறம் அந்த போன் நம்பர். சேமநிதியில பதிஞ்சிருக்கிறது எந்த நம்பர்? அந்தப் பழைய நம்பரா? சிம்மை ஆத்துல போட்டது மாதிரி போட்டாச்சே! இனி பணத்தைக் கேட்டா டெக்குங்கிற ரகசிய நம்பர் அந்தப் பழைய நம்பருக்குப் போகும், நீ இங்க போனைப் பாத்துக் கொட்டாவி விட்டுக்கிட்டு இருப்பே. பேங்க் கணக்கும் அப்படித்தான். வருஷக் கணக்கா தொடாம செத்துப் போன கணக்கைக் குடுத்தா பணம் எங்க போய் இறங்கும்? இதெல்லாம் 55-வது பிறந்த நாள் அன்னிக்கு அவசர அவசரமாச் செய்யுற காரியமா? இப்பவே செய். உன் பேருல இருக்கிற, ஓடுற கணக்கா இருக்கட்டும்.

"ஏஜெண்டு ஒருத்தர் இருக்காரு மாமா, எல்லாம் செஞ்சு குடுப்பாரு." இதைத்தான் சொல்ல வந்தே, வாய் துடிக்குது. சேமநிதி யார்கிட்டயும் ஏஜெண்டுக் காசு கேக்கிறதில்ல. நீயே சொந்தமா விண்ணப்பம் போட்டா ஒரு காசு செலவில்ல. உன் பணத்தை உனக்கே எடுத்துக் குடுக்க ஒருத்தன் கமிஷன் கேட்டா, அவனுக்கு நல்ல மூளை, உனக்குத்தான் இல்ல.

கிளி ஜோசியர் எவ்வளவோ மேல். காசு வாங்கினாலும் அந்தக் கிளி உன்கிட்ட டெக் நம்பர் கேக்காது. 2025 ஆகஸ்ட் 31-ல 18 வயசும் அதுக்கு மேலயும் இருக்கிற எல்லா மலேசியருக்கும் ஐ.சி. மூலமா அரசாங்கத்தோட 100 வெள்ளி சாரா உதவி வந்துச்சே, உடனே வாட்ஸ்அப்புல "இங்க அழுத்து, பணம் வரும்"னு எத்தனை லிங்க்! அதுல பாதியை எனக்கு அனுப்பினது நீதான். அந்தப் பணத்துக்கு எதையும் அழுத்த வேண்டியிருக்கல. மைகார்டைக் கொண்டு போய்க் கடையில நீட்டினாப் போதுமா இருந்துச்சு. கல்யாணப் பத்திரிகைன்னு வர்ற ஏ.பி.கே. கோப்பையும் திறந்திடாதே. மாப்பிள்ளை யாரு, பொண்ணு யாருன்னே தெரியாத கல்யாணத்துக்கு உன் பேங்க் கணக்கே மொய் வெச்சுட்டு வந்துடும். பணம் போச்சுன்னு தெரிஞ்ச நிமிஷமே மோசடிப் புகார் நம்பர் 997-க்கு அடி. முதல்ல என்னைக் கூப்பிட்டுப் புலம்பிட்டு அப்புறம் அங்க கூப்பிடாதே. நான் ஆறுதல் சொல்வேன், பணத்தை மடக்க எனக்குத் தெரியாது.

60-ஐத் தொட்டப்புறம் நான் வளமாத்தான் இருக்கேன். கே.டி.எம். கொம்யூட்டர்ல பாதி டிக்கெட், சென்ட்ரல்ல ஏறினா கிள்ளான்ல இறங்குறேன். பாஸ்போர்ட்டுக்கு 100 வெள்ளி, உனக்கு 200. வயசாகிறதுல இப்படிச் சில லாபம் இருக்கு, ஆனா அவசரப்பட்டு வந்துடாதே. சொக்சோவுல உடம்பு முடியாமப் போனா வர்ற பென்ஷனுக்கான பாதுகாப்பு 60-ஓட நின்னுடும், அதுக்கு மேல வேலையில அடிபட்டா பாதுகாப்பு உண்டு. அதையும் கேட்டு வெச்சுக்கோ.

மகளைத் திட்டாதே, அவ நல்ல புள்ள. இன்னிக்கு ராத்திரி பக்கத்துல உக்கார வை, ஆனா கையைக் கட்டிக்கிட்டு உக்காரச் சொல்லு. அமுக்கிறது நீ, படிக்கிறது நீ. மலாய்ல புரியலையா, அவகிட்டக் கேளு. போன் மூஞ்சியைக் காட்டுன்னு கேட்டா காட்டு, அது பயந்துடாது. அங்கயும் சிக்கினா வேலையில ஒரு நாள் லீவு போட்டு கவுண்டருக்குப் போ, கூட வேணும்னா நானும் வர்றேன், தே தாரிக் உன் செலவு.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா அந்தப் பாஸ்வேர்டை மாத்து. மாத்தினதை யார்கிட்டயும் சொல்லாதே, என்கிட்டயும்தான்.