வால்வு சூடாகட்டும், அதுவரை நாலு கேள்வி

கேள்வி: மர்பி டவுனில் உட்கார்ந்துகொண்டு வால்வு பற்றி எழுதுகிறீர்கள். பொருத்தம்தான். மர்பி ரேடியோ பெயரில்தானே உங்கள் பேட்டை? (சிவாஜி நகர் வாசகர்)

பதில்: சின்ன வயதில் நானும் அப்படித்தான் நம்பினேன். மர்பி ரேடியோ காலண்டரில் இருந்த பாப்பாவை எங்கள் பக்கத்துத் தெருப் பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. ரேடியோ மர்பி இங்கிலாந்தில் 1929இல் கம்பெனி தொடங்கிய ஃபிராங்க் மர்பி. எங்கள் மர்பி, கன்டோன்மென்ட் காலத்து இன்ஜினீயர். அதற்கு முன் இது நாக்ஸ்பேட்டை. ஆனால் வால்வுக்கும் பெங்களூருக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். 1954இல் தொடங்கிய ஜாலஹள்ளி பி.இ.எல். ஆலை அறுபதுகளில் ரேடியோ வால்வுகளை அடுக்கடுக்காகச் செய்து தள்ளியது.

கேள்வி: என் டர்ன்டேபிள் பதினைந்தாயிரம் ரூபாய். அதற்கு ஐந்து லட்சத்தில் வால்வு ஃபோனோ பிரீ-ஆம்ப் வாங்கலாமா? (இந்திரா நகர்)

பதில்: தாராளமாக. ஓட்டை ஸ்கூட்டருக்கு ஒன்பது கார் நிறுத்தும் ஷெட் கட்டுகிறவரை யார் தடுப்பது? முதலில் ஊசி, அடுத்தது அதை ஒழுங்காகப் பொருத்துவது, பிறகு டர்ன்டேபிள். பிரீ-ஆம்பின் முறை அதற்கப்புறம்தான். தேய்ந்த ஊசி தட்டைக் கீறுகிற சத்தத்தை வால்வு மாற்றிவிடாது. கூடுதல் தெளிவோடு, கொஞ்சம் இனிமையாகக் கேட்க வைக்கும்.

கேள்வி: அந்த ஃபோனோ பிரீ-ஆம்ப் பெட்டி உள்ளே என்னதான் செய்கிறது? (ஜோகுபாளையம்)

பதில்: இரண்டு வேலை. ஒன்று, பெரிதாக்குவது. சாதாரண எம்.எம். (அசையும் காந்த) காட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட்; ஒரு டார்ச் பேட்டரி செல்லின் முந்நூறில் ஒரு பங்கு. அதை நூறு மடங்காவது ஊதிப் பெருக்கினால்தான் ஆம்ப்ளிஃபயர் திரும்பிப் பார்க்கும்.

இரண்டாவது வேலைதான் சூட்சுமம். பேஸ் ஒலியை அப்படியே செதுக்கினால் பள்ளம் அகலமாக ஆடி, தட்டில் இடம் தீர்ந்துவிடும். அதனால் வெட்டும்போதே பேஸைக் குறைத்து, உச்ச ஒலியைக் கூட்டிவிடுகிறார்கள். கேட்கும்போது அதைத் தலைகீழாக்க வேண்டும். இந்தக் கணக்குக்கு 1954இல் ஏற்பட்ட பொது ஒப்பந்தத்தின் பெயர் ஆர்.ஐ.ஏ.ஏ. இதன்படி 20 ஹெர்ட்ஸ் ஒலி ஏறக்குறைய பத்து மடங்கு கூடும்; 20,000 ஹெர்ட்ஸ் பத்தில் ஒன்றாகக் குறையும். இதில் பிசகினால் மிருதங்கத்தின் தொப்பி அண்டா மாதிரி அதிரும், அல்லது வலந்தலை மட்டும் தனியே வாசிக்கும். கடையில் கேட்கப் போகும்போது உங்களுக்கு மனப்பாடமான கச்சேரித் தட்டைக் கொண்டுபோங்கள். அவர்கள் வைத்திருக்கும் டெமோ தட்டு எந்தப் பெட்டியிலும் நன்றாகத்தான் பாடும்.

கேள்வி: எம்.சி. (அசையும் சுருள்) காட்ரிட்ஜ்தான் உயர்வு என்கிறார் நண்பர். வால்வுக்கு ஒத்துவருமா? (ஃப்ரேசர் டவுன்)

பதில்: நண்பர் செலவில் பங்கு தருகிறாரா? எம்.சி. தருவது 0.3 மில்லிவோல்ட் அளவுதான். அவ்வளவு மெல்லிய குரலை நேரே வால்விடம் கொடுத்தால், வால்வின் சொந்த இரைச்சலே பாட்டோடு போட்டி போடும். அதனால் முன்னால் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைப்பார்கள். 1:10 என்றால் 0.3 மில்லிவோல்ட் 3 ஆகும். ஆனால் பெட்டியில் இருக்கும் 47,000 ஓம் சுமை காட்ரிட்ஜுக்கு 470 ஓம் ஆகத் தெரியும். உங்கள் காட்ரிட்ஜ் இதை விரும்புமா என்று அதன் காகிதத்தில் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள். விலைச்சீட்டை விட அந்தக் காகிதம் முக்கியம்.

கேள்வி: வாங்கிவிட்டேன். பாட்டுக்குப் பின்னால் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம். (கோலார் தங்கவயல்)

பதில்: 1902இல் சிவனசமுத்திரத்து மின்சாரம் உங்கள் சுரங்கத்துக்குத்தான் முதலில் வந்தது. பெங்களூர் 1905 வரை காத்திருந்தது. அந்த மின்சாரம்தான் இப்போது ஸ்ருதி போடுகிறது. கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஆர்.ஐ.ஏ.ஏ. அதை ஏழு மடங்கு தூக்கிக் காட்டும். டர்ன்டேபிளிலிருந்து வரும் ஒல்லியான எர்த் வயர் மாட்டியிருக்கிறதா? பிரீ-ஆம்ப் மேல் பவர் ஆம்ப் ஏறி உட்கார்ந்திருக்கிறதா? இரண்டையும் சரிசெய்த பிறகும் உறுமினால், வால்வின் ஹீட்டருக்கு டி.சி. கொடுத்திருக்கிறார்களா என்று விற்றவரைக் கேளுங்கள். வாங்கும் முன்பே கேட்டிருக்கலாம்.

கேள்வி: சண்டே பஜாரில் பழைய ஈசிசி88 கிடைத்தது. என் பெட்டியில் ஈசிசி83. இரண்டுக்கும் ஒன்பது கால்தானே? (அலசூர்)

பதில்: மாட்டுக்கும் கட்டிலுக்கும் நாலு கால்தான், ஐயா. ஒன்று கத்தாது. ஹீட்டர் இணைப்பே வேறு. பெருக்கும் அளவு ஈசிசி83க்கு 100, மற்றதற்கு 33 சொச்சம். மாட்டாதீர்கள். 12ஏஎக்ஸ்7 என்று எழுதியிருந்தால் தயங்காமல் எடுங்கள். ஈசிசி83இன் அமெரிக்கப் பெயர் அது. டிம் டி பாரவிசினி வடிவமைத்த இஏஆர் 834பி பிரீ-ஆம்ப் மூன்று ஈசிசி83ஐ வைத்தே பேர் வாங்கியது. கம்பெனிப் பெயரையும் ஆங்கிலத்தில் காது என்றே வைத்துக்கொண்டார், கெட்டிக்காரர். இன்னொன்று: ஸ்விட்சை அணைத்ததும் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே கெப்பாசிட்டரில் இருநூறு முந்நூறு வோல்ட் படுத்திருக்கும்.

கேள்வி: தாத்தாவின் 78 சுழற்சித் தட்டுகளை இதில் போடலாமா? (கேம்பிரிட்ஜ் லேஅவுட்)

பதில்: தனி ஊசி வேண்டும். அந்தப் பள்ளம் எல்.பி.யைவிட நன்றாகவே அகலம். 1902இல் கல்கத்தாவில் பாடிப் பதிந்து, 1930இல் மைசூரில் கண்மூடிய கௌஹர் ஜானுக்கு ஆர்.ஐ.ஏ.ஏ. என்றால் என்னவென்றே தெரியாது. அவர் தட்டை அந்தக் கணக்கில் ஓட்டுவது, பட்டுப்புடவையை ஜீன்ஸ் அளவில் தைப்பது. ஈக்வலைசேஷன் மாற்றும் திருகு உள்ள பெட்டியாகப் பாருங்கள்.

கேள்வி: இதே பாட்டு என் போனில் இலவசமாகக் கேட்கிறதே? (பெயரும் ஊரும் வேண்டாம், உங்கள் வீட்டிலிருந்துதான்)

பதில்: இதோ வந்துவிட்டேன். வால்வு சூடாக இன்னும் ஐந்து நிமிஷம்.