லேடீஸ் டெய்லர் யாருக்கு ஜாக்கெட் தைக்கிறார்?

மதகடிப்பட்டில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை. எந்த மாடு யாருடையது என்று அங்கே குழப்பமே வராது. கயிறு யார் கையிலோ, மாடு அவருடையது. இங்கிலீஷில் அந்தக் கயிறுதான் அப்பாஸ்ட்ரஃபி என்ற கொக்கி. சந்தையை விட்டு விழுப்புரம் சாலைக்கு வந்தால், போர்டுக்குப் போர்டு கயிறு மாறிக் கிடக்கிறது.

'கேர்ள்'ஸ் ஹாஸ்டல்' என்கிறது ஒரு பலகை. எஸ்ஸுக்கு முன்னால் கொக்கி நின்றால் ஒரே ஒரு பெண்ணுக்குச் சொந்தம் என்று அர்த்தம். மூன்று மாடி, வாட்ச்மேன், அண்டா நிறைய சாம்பார், எல்லாம் அந்த ஒரு பொண்ணுக்கா? லேடீஸ் டெய்லர் கடையில் நிலைமை இன்னும் மோசம். எல்-ஏ-டி-ஐ-ஈ வரை எழுதி, கொக்கி மாட்டி, பிறகு எஸ். எந்த அகராதியிலும் இல்லாத அந்த அம்மாளுக்குத்தான் அங்கே ஜாக்கெட் தைக்கிறார்கள்!

விதி சின்னதுதான். பன்மை எஸ்ஸில் முடிந்தால் கொக்கி அதற்குப் பின்னால். விமென், சில்ரன் மாதிரி எஸ் இல்லாத பன்மை என்றால் கொக்கி போட்டு எஸ்.

செப்டம்பர் 5 ஆசிரியர் தின விழாவுக்கு ஃபிளெக்ஸ் அடிக்கப் போயிருந்தேன்.

"தம்பி, கொக்கிய டீச்சர்ஸ் முடிஞ்ச பிறகு போடுப்பா."

"அங்க வச்சா ராதாகிருஷ்ணன் தலைப்பாகையில குத்துது சார்."

முன்னால் நகர்த்தினான். நாட்டிலுள்ள ஆசிரியர்கள் அத்தனை பேரும் ஒரே நொடியில் ஒருவராகிவிட்டார்கள்.

அன்னையர் தினத்துக்கு என்றால் அந்த இடம் சரிதான். அமெரிக்காவில் அதைத் தொடங்கிய அன்னா ஜார்விஸ், அவரவர் தன் ஒரு தாயை நினைக்கும் நாள், ஆகவே கொக்கி முன்னால்தான் என்று பிடிவாதமாக இருந்தார்.

இந்தத் தொல்லையில் நம்ம புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கும் பங்குண்டு. விழுங்கிய எழுத்துக்கு அடையாளமாக அவர்கள் வைத்த குறியை 16ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் சொத்து விவகாரத்தில் அதை இழுத்ததே இல்லை. இங்கிலீஷ்காரர்கள் இழுத்தார்கள், பிறகு தாங்களே சலித்துப்போனார்கள். 2009இல் பர்மிங்ஹாம் நகராட்சி தெருப் பலகைகளுக்கு அது வேண்டவே வேண்டாம் என்று கைகழுவியது. அப்பாஸ்ட்ரஃபியைக் காப்பாற்ற 2001இல் சங்கம் வைத்த ஜான் ரிச்சர்ட்ஸும் 2019இல் கடையைக் கட்டிவிட்டார்.

போர்டு எழுதுபவர்களே, சந்தேகம் வந்தால் மொட்டையாகவே விடுங்கள், குற்றமில்லை. ஆனால் ஓட்டல்காரர்கள் மெனுவில் 'இட்லி'ஸ்' என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்த வேண்டும். இட்லிக்குச் சொத்து கிடையாது.