முதல் சம்பளம், முதல் சாவி

கல்லூரி முடித்துச் சென்னைக்கு வந்திருப்பவர்களின் கேள்விகளுக்கு இந்த இதழின் பதில்கள்.

கேள்வி: சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. வந்ததும் வீடு பிடிக்கலாமா, விடுதியில் சேரலாமா? (தென்காசி வாசகர்)

பதில்: முதலில் விடுதி. அலுவலகம் எங்கே என்று வேலை உத்தரவில் இருக்கும். காலை ஒன்பது மணிக்கு அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு மாதம் அலைந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசின் ‘தோழி’ விடுதிகள் தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் இருக்கின்றன. தனியார் விடுதி என்றால் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெண்கள் விடுதிகளுக்கு அது கட்டாயம் என்கிறது தமிழ்நாட்டின் 2014-ஆம் ஆண்டுச் சட்டம்.

கேள்வி: எந்த ஏரியா நல்ல ஏரியா? (கரூர் வாசகி)

பதில்: ரயில் போகும் ஏரியா. கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு மின்ரயில், வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில், மெட்ரோ ரயில். இவற்றில் ஏதாவது ஒரு நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு பாருங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் பெட்ரோலிலும் தூக்கத்திலும் மிச்சமாகும். பஸ்தான் வழி என்றால் மாநகரப் பேருந்துக்கு 1000 ரூபாய் மாதப் பாஸ் உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணமே கிடையாது.

கேள்வி: வீடு பார்க்கப் போனால் ஓனரிடம் முதலில் என்ன கேட்பது? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: தண்ணீர். இரண்டாவது கேள்வியும் தண்ணீர்தான்.

மெட்ரோ வாட்டர் வருகிறதா, போர் தண்ணீரா, லாரியா? லாரி என்றால் அந்தச் செலவு வாடகைக்குள் அடங்குமா, மெயின்டனன்ஸில் தனியாக வருமா? குழாயைத் திறந்து கையில் சோப்புப் போட்டுப் பாருங்கள். நுரை வராவிட்டால் உப்புத் தண்ணீர். அங்கே குடிப்பதற்குக் கேன்தான். 2019 கோடையில் நகரின் ஏரிகள் வறண்டபோது அந்தக் கட்டடம் எப்படிச் சமாளித்தது என்றும் கேளுங்கள்.

அடுத்தது மழைத் தண்ணீர். இதை ஓனரிடம் கேட்காதீர்கள், எதிர் மளிகைக் கடைக்காரரிடம் கேளுங்கள். 2015 டிசம்பரில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது, 2023-இல் மிக்ஜாம் புயல் வந்தபோது எத்தனை நாள் கரன்ட் இல்லை என்று அவர் சொல்வார். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தரைத்தளம் பார்ப்பவர்கள் இதைக் கேட்காமல் டோக்கன் பணம் கொடுக்கவே கூடாது.

கேள்வி: பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது? (விருதுநகர் வாசகர்)

பதில்: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் அதற்கும் சட்டம் இடம் தருகிறது. அதனால் பேரம் எல்லாம் கையெழுத்துக்கு முன்புதான். அட்வான்ஸை வங்கி வழியாகவே அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்குச் சாட்சி கிடையாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உங்கள் பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, அவர் மீதியைத் திருப்பித் தர வேண்டும். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் சண்டை வரும். பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். சாவி வாங்கும் நாளில் சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் படம் எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: அதென்ன பதினோரு மாத அக்ரிமென்ட்? (கடலூர் வாசகி)

பதில்: ஒரு வருடத்தைத் தாண்டும் குத்தகையைப் பத்திரப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கப் பதினொன்றில் நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. புதிய வாடகைச் சட்டமோ எந்த வாடகையும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். நாளை தகராறு வந்தால் உங்களோடு வந்து நிற்பது அந்தத் தாள்தான்.

கேள்வி: “பாச்சுலருக்கு இல்லை” என்கிறார்கள். அடுத்த வீட்டில் “நீங்க வெஜ்ஜா?” என்கிறார்கள். என்னதான் செய்வது? (சேலம் வாசகர்)

பதில்: முதலாவதற்கு வழி இருக்கிறது. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் எத்தனையோ தலைமுறை பாச்சுலர்களுக்கு இடம் கொடுத்தவை. நாலு பேர் சேர்ந்து ஃப்ளாட் எடுக்கலாம். அலுவலக அடையாள அட்டையும் பழைய விடுதிக்காரரின் நல்ல வார்த்தையும் பல கதவுகளைத் திறக்கும்.

இரண்டாவது கேள்வி வேறு மாதிரி. பல வீடுகளில் அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வியே இல்லை. சாதியைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கேட்பது. பொய் சொல்லிக் குடிபோகாதீர்கள். வாடகையும் கொடுத்துவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு முட்டை வேகவைக்கும் வாழ்க்கை உங்களுக்கு எதற்கு? படி இறங்குங்கள். உங்களை உங்களாகவே ஏற்கும் ஓனர் இந்த ஊரில் இருக்கிறார். அவரைத் தேடிச் செலவிடும் இன்னும் ஒரு வாரம் வீண் போகாது.

கேள்வி: கரன்ட்டுக்கு யூனிட் ஒன்பது ரூபாய் என்கிறார் ஓனர். சரியா? (நாமக்கல் வாசகர்)

பதில்: உங்கள் போர்ஷனுக்குத் தனி ஈ.பி. இணைப்பு இருக்கிறதா, ஓனர் வைத்த சப்-மீட்டரா என்று பாருங்கள். தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். பில்லை நீங்களே கட்டலாம். ஒரே இணைப்பில் மூன்று குடும்பம் என்றால் அந்த 100 மூவருக்கும் பொது. மொத்த யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். வாடகை 500 ரூபாய் கூடுதலானாலும் தனி இணைப்புள்ள வீடு பல நேரம் லாபம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: சென்னை முகவரிச் சான்று இல்லாமல் கேஸ் கிடைக்குமா? (திண்டுக்கல் வாசகி)

பதில்: ஐந்து கிலோ சிலிண்டர் கிடைக்கும். அடையாள அட்டை போதும். பல பெட்ரோல் பங்க்குகளிலும் கேஸ் ஏஜென்சிகளிலும் விற்கிறார்கள். ஒருவர் சமைக்க அது தாராளம்.

கேள்வி: நண்பர்கள் மூவர் சேர்ந்து வீடு எடுக்கிறோம். அக்ரிமென்ட் என் பெயரில் மட்டும் போட்டால் போதுமா? (ஈரோடு வாசகர்)

பதில்: போதாது. மூவர் பெயரும் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒருவர் வேலை மாறிப் பெங்களூரு போகும்போது அவர் பங்கு வாடகையும் உங்கள் தலையில். யார் எவ்வளவு அட்வான்ஸ் போட்டார்கள், ஒருவர் விலகினால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுதி வைப்பது நட்பைக் காப்பாற்றும்.

கேள்வி: மகள் சென்னையில் தனியாக வீடு எடுத்திருக்கிறாள். எனக்குத் தூக்கமே வரவில்லை. (மதுரையிலிருந்து ஓர் அம்மா)

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அம்மா. அதைப் பாதியாகக் குறைக்க வழி இருக்கிறது. ஒருமுறை போய்ப் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, அவர்கள் நம்பரை வாங்கி வாருங்கள். பெண்களுக்கான 181, அவசரத்துக்கு 112 இரண்டும் மகளின் போனில் இருக்கட்டும். தினமும் “சாப்பிட்டியா” என்று கேட்பதோடு ஒரு நாள் ரசம் வைப்பது எப்படி என்றும் சொல்லிக் கொடுங்கள். வார இறுதியில் தனிமை வாட்டினால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். அங்கே தனியாக உட்கார்ந்திருப்பவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

கேள்வி: வந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. இது எப்போது என் ஊராகும்? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: நீங்கள் உரிமையோடு கேள்வி கேட்கத் தொடங்கும் அன்று. வாடகைக்கு இருப்பவருக்கும் வாக்கு உண்டு. படிவம் 8 கொடுத்து வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றுங்கள். தெருவிளக்கு எரியவில்லையா, குப்பை அள்ளவில்லையா? ஓனர் சொல்லட்டும் என்று காத்திருக்காமல் மாநகராட்சியின் 1913-ஐ நீங்களே அழையுங்கள். சென்னையில் 200 வார்டுகள். உங்கள் வார்டு எண்ணும் கவுன்சிலர் பெயரும் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றைக்கே தெருவில் கேளுங்கள்.