ராஜாவுக்கு ஏசி வசதி

போர்னியோவின் கினபாலு மலையில் 1,500 மீட்டருக்கு மேல் வளரும் குடுவைச் செடி 'நெப்பந்தஸ் ராஜா'. சரவாக்கை ஆண்ட வெள்ளைக்கார ராஜா ஜேம்ஸ் புரூக்கைக் கௌரவிக்க, 1859-ல் ஜோசப் ஹூக்கர் சூட்டிய பெயர். பெயர் ராசியோ என்னவோ, இன்றும் அரச உபசாரம் கேட்கிறது.

வெயில் கொளுத்தும் நகரத்தில் இதை வளர்க்க ஆசைப்படுகிறவர், கண்ணாடிக் கதவு வைத்த ஃப்ரிட்ஜை அரண்மனையாக்குகிறார். பகலில் 25 டிகிரி, இரவில் 15. எல்.ஈ.டி. விளக்கு, குட்டி ஃபேன், பனிமூட்டம் கக்கும் ஹ்யூமிடிஃபையர், குடிக்க ஆர்.ஓ. தண்ணீர். வீட்டுக்காரர் மட்டும் வெளியே வியர்த்து வழிகிறார்.

இத்தனை அடைப்புக்குள் ஈ எப்படி நுழையும்? பூச்சி பிடிப்பதற்கென்றே பிறந்த செடிக்கு, உர உருண்டையை இடுக்கியால் ஊட்டிவிட வேண்டியிருக்கிறது. சொந்த மலையிலோ மரமூஞ்சூறு வந்து, குடுவை மூடியில் ஊறும் தேனை நக்கிக்கொண்டே குடுவைக்குள் மலம் கழித்துவிட்டுப் போகும். அதிலிருக்கும் நைட்ரஜன்தான் ராஜபோஜனம்! நல்லவேளை, அந்த உபசாரத்தை இன்னும் எந்த ஃப்ரிட்ஜுக்காரரும் தொடங்கவில்லை.

கரண்ட் போனால் செடிக்கு முன்னால் வாடுவது வளர்ப்பவர் முகம்தான். ஆசை இருந்தால் தாராளமாக வளருங்கள். ஆனால் முதலில் இன்வெர்ட்டர், அப்புறம் செடி.